ஜெர்மனியில் பிஎச்.டி.: அட்மிஷன் தேடிக் காலத்தை இழக்காதீர்கள்

"ஜெர்மனியில் பிஎச்.டி. அட்மிஷன் எப்போது ஆரம்பிக்கும்?" என்று எம்.இ. முடிக்கும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. கணினி அறிவியலிலும் பொறியியலிலும் அங்கே பெரும்பாலான பிஎச்.டி. இடங்கள் சம்பள வேலைகள். ஆள் தேவைப்படும் பேராசிரியர் ஆண்டின் எந்த மாதத்திலும் விளம்பரம் கொடுப்பார். நேர்காணல் வைத்து அவரே எடுப்பார். 'விஸன்ஷாஃப்ட்லிஹர் மிட்டார்பைட்டர்' (wissenschaftlicher Mitarbeiter, ஆராய்ச்சிப் பணியாளர்) என்பது பதவியின் பெயர். அந்த ஜெர்மன் சொல்லைப் போட்டுப் பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் தேடுங்கள்.

விளம்பரம் வரும்வரை சும்மா இருப்பதும் தவறுதான். ஜெர்மன் ஆராய்ச்சி நிதி அமைப்பான டிஎஃப்ஜி, தான் பணம் கொடுக்கும் திட்டங்களைக் 'கெப்ரிஸ்' (GEPRIS) என்ற தளத்தில் போட்டுவைக்கிறது. உங்கள் தலைப்பில் யாருக்குப் புதிதாக நிதி கிடைத்திருக்கிறது என்று அதில் பாருங்கள். நிதி வந்த இடத்தில் ஆள் தேவைப்பட வாய்ப்பு அதிகம். மாக்ஸ் பிளாங்க், ஃபிரவுன்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனங்களையும் விட்டுவிடாதீர்கள். அவை தாமாகப் பட்டம் தருவதில்லை. வேலை அங்கே, பட்டம் பல்கலைக்கழகத்தில்.

என்னை அதிகம் வருத்தும் தவறு, ஒரே கடிதத்தை இருநூறு பேராசிரியர்களுக்கு அனுப்புவது. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆராய்ச்சியில் ஆர்வம் உள்ளது" என்ற வரியைப் பார்த்ததுமே அது யாருக்கும் பொருந்தும் கடிதம் என்று தெரிந்துவிடும். ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவருடைய கட்டுரையை முழுதாகப் படியுங்கள். அதற்காக அவர்கள் வெளியிட்ட கணினி நிரலை (code) ஓட்டிப் பாருங்கள். "இந்த அளவு டேட்டாவுக்கு மேல் போனால் நினைவகம் போதவில்லை, இப்படி மாற்றிப் பார்த்தேன்" என்று நீங்கள் செய்ததைப் பத்து வரியில் எழுதுங்கள். விளம்பரத்துக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் அதிலுள்ள குறியீட்டு எண்ணைக் குறிப்பிட்டு, அவர்கள் கேட்டபடியே ஆவணங்களை அனுப்புங்கள்.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சேற்றும் ஜர்னல்களின் கட்டுரைகளைச் சி.வி.யில் அடுக்காதீர்கள். கல்லூரி கட்டாயப்படுத்தியதால் போட்டது என்று எனக்குப் புரியும். தேர்வு செய்பவருக்கு அது தெரியாது. அந்த இடத்தில் எம்.இ. ஆய்வேட்டின் ஒரு பக்கச் சுருக்கம் இருக்கட்டும்.

சம்பள வரியையும் பலர் சரியாகப் படிப்பதில்லை. பெரும்பாலும் 'டிவி-எல் இ13' (TV-L E13) என்ற அரசு ஊதிய நிலை போட்டிருக்கும். பக்கத்தில் 100%, 75%, 50% என்று வரும் வேலை நேர அளவுதான் கையில் கிடைப்பதைத் தீர்மானிக்கும். கணினி, பொறியியல் துறைகளில் முழு வேலை பரவலாக உண்டு. ஒப்பந்தம் ஓராண்டா, மூன்றாண்டா, நீட்டிப்பார்களா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். கேட்பதைத் தவறாக நினைக்கமாட்டார்கள்.

மொழி விஷயத்தில் எல்லாத் துறைகளையும் ஒன்றாக எண்ண வேண்டாம். கணினித் துறையில் பல குழுக்களுக்கு ஆங்கிலம் போதும். ஆக்கன், ஸ்டுட்கார்ட் போன்ற ஊர்களில் கார், இயந்திரத் தொழிற்சாலைகளோடு சேர்ந்து நடக்கும் ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் ஜெர்மன் வேண்டும்.

வேலை கிடைத்ததாலேயே பிஎச்.டி. மாணவராகிவிட்டதாக ஆகாது. உங்கள் முதுகலைப் பட்டத்தை ஏற்று, துறை உங்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கான விதிகளைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இதில் எங்கேயும் "சீட் வாங்கித் தருகிறேன்" என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டுக்கு வேலை இல்லை.