பழைய ஐபாட்ல பாட்டு மட்டுமில்ல, பத்திரமும் வச்சுக்கலாம்

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க வீட்டு ஓடு பறந்து டிரங்குப் பொட்டி முழுக்க தண்ணி, தாத்தா காலத்து பத்திரம், அக்கா கல்யாண போட்டோ எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. ஒவ்வொண்ணா பிரிச்சு கொடியில காயப்போட்டு, கரண்ட் வந்தப்புறம் ஸ்கேன் பண்ணி, இதை எங்கடா வைக்கிறதுன்னு யோசிச்சப்பதான் சித்தப்பா சிங்கப்பூர்லேந்து கொண்டாந்த 80 ஜிபி ஐபாட் கிளாசிக், அதான் ஆப்பிள் கம்பெனி பாட்டு ப்ளேயர், ஞாபகம் வந்துச்சு, அதுல பாட்டு 15 ஜிபி கூட இல்ல, மீதி அத்தனையும் காலி இடம்.

விண்டோஸ் கம்ப்யூட்டர்ல ஐடியூன்ஸ்ங்கிற ஆப்பிளோட பாட்டு சாஃப்ட்வேரை ஓப்பன் பண்ணிட்டு ஐபாட்டை அந்த அகலமான 30 பின் கேபிள்ல சொருகுங்க. மேல சின்னதா ஐபாட் படம் வரும், அதை கிளிக் பண்ணினா சம்மரி பக்கம், கீழ ஆப்ஷன்ஸ்ல ‘எனேபிள் டிஸ்க் யூஸ்’னு இருக்கும், டிக் போட்டு அப்ளை குடுங்க. இனிமே பென் டிரைவ் மாதிரியே தனி டிரைவா தெரியும். 80 ஜிபின்னு போட்டிருந்தாலும் விண்டோஸ்ல 74 சொச்சம்தான் காட்டும், பயப்படாதீங்க, கணக்கு போடற விதம்தான் வேற. உள்ள தனியா ஒரு ஃபோல்டர் போட்டு உங்க ஃபைல் எல்லாம் அதுல வையுங்க. ‘ஐபாட் கண்ட்ரோல்’னு மறைஞ்சு இருக்கிற ஃபோல்டர்ல மட்டும் கை வைக்காதீங்க, பாட்டு எல்லாம் அங்கதான் நாலெழுத்து பேர்ல கிடக்கு.

நிறைய பேரு குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. இப்படி இழுத்துப் போட்ட பாட்டு ஐபாட்ல பாடாது, வெறும் ஃபைலாதான் இருக்கும். மன்னார்குடி பங்குனித் திருவிழால தாத்தா கேசட்ல புடிச்ச நாதஸ்வரத்தை எம்பி3யா மாத்தி வச்சிருக்கோம், வெண்ணெய்த்தாழி அன்னிக்கு புடிச்சதுல தவிலுக்கு நடுவுல தாத்தா இருமுறதுகூட கேக்கும், அதை காதுல கேக்கணும்னா ஐடியூன்ஸ் வழியா ஏத்தணும், பத்திரமா இருக்கணும்னா ஃபோல்டர்லயும் ஒரு காப்பி போடணும், நான் ரெண்டும் பண்ணியிருக்கேன்.

கல்யாண வீடியோ காப்பி பண்றப்போ ‘ஃபைல் டூ லார்ஜ்’னு வந்தா இடம் பத்தலன்னு நினைக்காதீங்க. விண்டோஸ்ல செட் பண்ணின ஐபாட் ஃபேட்32ன்னு ஃபைலை அடுக்கி வைக்கிற ஒரு பழைய முறையில இருக்கும், அதுல ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, செவன் ஜிப்ங்கிற சாஃப்ட்வேர்ல துண்டு துண்டா பிரிச்சு ஏத்துங்க. மேக்ல செட் பண்ணின ஐபாட்டை விண்டோஸ்ல சொருகினா ஃபார்மேட் பண்ணவான்னு கேக்கும், ஆமான்னு குடுத்துடாதீங்க, உள்ள இருக்கிறது மொத்தமும் போயிடும்.

அப்புறம் எஜெக்ட், அதாவது கேபிளைக் கழட்டறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல ‘எஜெக்ட்’ குடுத்து ஐபாட்டை விடுவிக்கிறது. ஐபாட் ஸ்கிரீன்ல ‘கனெக்டட்’னோ ‘சிங்க்ரனைசிங்’னோ இருக்கிற வரைக்கும் கேபிளைப் புடுங்கவே கூடாது. கிளாசிக்குக்குள்ள சுத்துறது நிஜ ஹார்ட் டிஸ்க், எழுதிக்கிட்டிருக்கும்போது ஆட்டினாலும் ஆபத்துதான். ஒருதடவை பாதி காப்பில கரண்ட் போயி எங்க டெஸ்க்டாப் ஆஃப் ஆயிடுச்சு, யூபிஎஸ் கிடையாது, திரும்ப வந்து பார்த்தா பன்னெண்டு போட்டோ திறக்கவே இல்ல, நல்லவேளை ஒரிஜினலை அழிக்கல. அதனால ‘கட்’ பண்ணி ‘பேஸ்ட்’ பண்ணாதீங்க, காப்பி பண்ணி திறந்து பார்த்துட்டு அப்புறம் அழிங்க, நம்ம ஊரு கரண்டுக்கு லேப்டாப்தான் சரி.

ஐபாட் ஹேங் ஆகி கம்ப்யூட்டர்ல தெரியலன்னா மெனுவையும் நடு பட்டனையும் சேர்த்து ஆப்பிள் படம் வர்ற வரைக்கும் அமுக்குங்க, வந்த உடனே நடு பட்டனையும் ப்ளே பட்டனையும் அமுக்கிப் புடிச்சா டிஸ்க் மோட் வரும், அதுல ஐபாட் வெறும் டிரைவா கம்ப்யூட்டர்ல தெரியும். ஐடியூன்ஸ்ல ரெஸ்டோர் குடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க, ரெஸ்டோர் எல்லாத்தையும் துடைச்சிடும். தொடுதிரை இருக்கிற ஐபாட் டச்ல இந்த டிஸ்க் வசதியே கிடையாது, வாங்கி ஏமாறாதீங்க.

வேற கம்பெனி ப்ளேயர் வச்சிருந்தா வேலை இன்னும் சுலபம், நிறைய மாடல்ல ஐடியூன்ஸ் மாதிரி எதுவும் வேணாம், சொருகினா போதும், மியூசிக் ஃபோல்டர்ல போட்ட பாட்டு பாடவும் செய்யும். சிலதுல செட்டிங்ஸ்ல யூஎஸ்பி மோட்னு இருக்கும், அதுல எம்எஸ்சி, அதாவது பென் டிரைவ் மாதிரி தெரியுற மோட், வச்சாதான் டிரைவ் லெட்டரோட வரும்.

ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுக்க ஐபாட்டை சொருகாதீங்க, வைரஸ் ஏறிடும், அந்த ஒரு ஃபைலை மட்டும் பென் டிரைவ்ல கொண்டு போங்க. இன்னொரு முழு காப்பி கும்பகோணத்துல அக்கா வீட்டு லேப்டாப்ல வச்சிருக்கோம், ஒவ்வொரு ஐப்பசிலயும் மழை புடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டையும் திறந்து பார்த்துடுவோம்.