வீட்டுச் சிஎன்சி எந்திரத்தில் ஆழமான அடுக்கு மரச்சிற்பம் செய்யும் முறை

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள யாளித் தூண்களைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பவர்கள், யாளியின் முன்னங்கால்கள் தூணை விட்டு விலகி நிற்பதையும், பற்களுக்குப் பின்னே வாய் குடையப்பட்டிருப்பதையும் கவனித்திருப்பார்கள். அந்த இடைவெளிகளில் தங்கும் நிழலே சிற்பத்துக்கு உயிர் தருகிறது. சிற்பியின் உளி எந்தப் பக்கத்திலிருந்தும் நுழையக்கூடியது. நம் வீட்டு மேசையிலுள்ள சிஎன்சி, அதாவது கணினி காட்டும் பாதையில் செதுக்கும் மூன்று அச்சு எந்திரத்தின் பிட் (சுழலும் வெட்டுமுனை) மேலிருந்து மட்டுமே இறங்கும். எனவே ஒரே கட்டையை மேலும் மேலும் ஆழமாகக் குடைவதைவிட, உருவத்தைப் பல பலகைகளாகப் பிரித்து, தனித்தனியாகச் செதுக்கி, பிறகு ஒட்டுவதே சரியான வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

எந்திரத்தின் எல்லையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பலரும் வாங்கும் 3018 வகை எந்திரத்தில் நகர்வு 300 × 180 × 45 மி.மீ. ஆகும். இந்த 45 மி.மீ. முழுவதும் செதுக்கும் ஆழமாகக் கிடைக்காது. பிட் கட்டைக்கு மேலே எழும்பி நகரவும் இடம் வேண்டும். நீளமான பிட்டை வாங்கினால் தீர்ந்துவிடும் என்று எண்ணுவதும் சரியன்று. பிட்டைப் பிடித்திருக்கும் காலெட்டிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்குப் பிட் வளையும் அளவு எட்டு மடங்காகிறது. சுவர்கள் சாய்வதும், மேற்பரப்பில் அதிர்வுக் கோடுகள் விழுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

உருவத்தை எங்கே பிரிப்பது என்பதே இந்த வேலையின் மையம். சம உயரங்களில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாமல், ஒரு பகுதி மற்றொன்றின் மேல் தொங்கும் இடங்களைத் தேடிப் பிரிக்க வேண்டும். யாளி முகத்தை எடுத்துக்கொண்டால், பின்னணியும் பிடரியும் முதல் பலகையிலும், கன்னமும் வாயின் உட்குழியும் இரண்டாவதிலும், மேலுதடும் பற்களும் மூன்றாவதிலும், மூக்கும் புருவமும் நான்காவதிலும் அமையலாம். பற்கள் உள்ள பலகையைக் கவிழ்த்து வைத்துப் பின்புறத்தையும் செதுக்கினால், ஒரே கட்டையில் எட்டவே முடியாத உட்குடைவு கிடைத்துவிடும். இலவச மென்பொருளான பிளெண்டரிலேயே உருவத்தை இவ்வாறு துண்டாக்கலாம். ஆனால் பலகையின் உண்மையான தடிமனை வெர்னியரால் அளந்த பிறகே துண்டாக்க வேண்டும். முக்கால் அங்குலம் என்று வாங்கும் பலகை இழைத்த பின் 19 மி.மீ. இருப்பதில்லை, அடுக்குக்கு அரை மி.மீ. பிழைத்தாலும் நான்கு அடுக்கில் இரண்டு மி.மீ. சேர்ந்து முகவெட்டே மாறிவிடும்.

மரத்தைப் பொறுத்தவரை, தேர்ச் சிற்பங்களுக்கு இலுப்பையைத் தேடிய நம் ஆசாரிகளின் தெரிவில் காரணம் உண்டு. ஆனால் அது இன்று எளிதில் கிடைப்பதில்லை. வைரம் பாய்ந்த தேக்கு நுணுக்கங்களை நன்றாகத் தாங்கும். அதிலுள்ள சிலிக்கா பிட்டின் முனையை விரைவில் மழுக்குவதால் கார்பைடு பிட் அவசியம். மலைவேம்பு மலிவானது, பழகுவதற்கு ஏற்றது. ஆயினும் மெல்லிய விளிம்புகளில் நார் எழும்பும். இடித்த வீடுகளின் உத்திரங்களையும் நிலைகளையும் விற்கும் கடைகளில் நன்கு உலர்ந்த பழைய தேக்கு கிடைக்கும். அதை வாங்கினால், உள்ளே முறிந்து நிற்கும் ஆணிகளை வலுவான காந்தத்தால் தேடி எடுத்த பிறகே எந்திரத்தில் ஏற்றுங்கள். புதிய பலகையானால் இடையே ரீப்பர் துண்டுகள் கொடுத்து, காற்றோட்டமான அறையில் அடுக்கி வைத்து, ஈரப்பதம் 8 முதல் 12 விழுக்காட்டுக்குள் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் வாங்கிய மரத்தை உடனே ஒட்டினால், மதுரையின் சித்திரை வெயிலில் அது சுருங்கி, ஒட்டுக்கோடு வாய்பிளக்கும். எல்லா அடுக்குகளிலும் மர ரேகை ஒரே திசையில் ஓட வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

அடுக்குகள் பிசகாமல் பொருந்த, மேலே வரும் பலகை மறைக்கும் இடங்களில் 6 மி.மீ. மர முளைகளுக்கான துளைகளை வரைபடத்திலேயே குறித்து, எந்திரத்தாலேயே துளையிட வேண்டும். கவிழ்த்துச் செதுக்கும் பலகைக்கு அந்தத் துளைகள் கவிழ்க்கும் அச்சின் இருபுறமும் சம தூரத்தில் இருப்பது கட்டாயம். உயரத்தின் பூச்சியத்தைப் பலகையின் மேற்பரப்பில் வைக்காமல், பிட் பட்டாலும் பரவாயில்லை என்று அடியில் போடும் தியாகப் பலகையின் மேற்பரப்பில் வையுங்கள். பிட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தொட்டு அளவெடுங்கள்.

செதுக்குதல் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் 3.175 மி.மீ. தட்டை முனைப் பிட்டால், ஒரு முறைக்கு 1 மி.மீ. ஆழமாக, இறுதி வடிவத்துக்கு மேல் அரை மி.மீ. விட்டுக் கழிக்க வேண்டும். நிமிடத்துக்கு 10,000 சுழற்சியில் இரண்டு வெட்டுவாய் உள்ள பிட் நிமிடத்துக்கு 800 மி.மீ. நகர்ந்தால், ஒவ்வொரு வாயும் 0.04 மி.மீ. சீவலை எடுக்கும். சீவலுக்குப் பதிலாக மாவுபோன்ற தூளும் கருகிய வாடையும் வந்தால் சுழற்சியைக் குறையுங்கள். நகர்வை மேலும் மெதுவாக்கினால் கருகல்தான் கூடும். அடுத்து, முனை விட்டம் 1 மி.மீ. உள்ள கூம்பு உருண்டைப் பிட்டால் ரேகையின் போக்கிலேயே மெருகு ஓட்டம் செய்யலாம். 200 × 150 மி.மீ. பரப்பை அதே 800 மி.மீ. வேகத்தில், 0.1 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால், திரும்பும் நேரத்தைச் சேர்க்காமலே ஆறேகால் மணி நேரம் பிடிக்கும், 0.2 மி.மீ. ஆக்கினால் அதில் பாதி போதும், கோடுகளின் உயரமும் 0.01 மி.மீ. அளவிலேயே நிற்கும். ஆகவே முகத்துக்கு மட்டும் 0.1 மி.மீ. வைத்து, நிழலில் மறையும் அடி அடுக்குகளை 0.2 மி.மீ. இடைவெளியில் முடிப்பது போதுமானது.

இவ்வளவு நீண்ட ஓட்டத்துக்கு முன் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தை ஒரு மணி நேரக் கோப்புகளாகப் பிரித்து வைத்தால், இடையில் மின்சாரம் நின்றாலும் அந்தக் கோப்பை மட்டும் மீண்டும் ஓட்டலாம். மரத்தூள் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது. என்95 முகக்கவசமும் தூசி உறிஞ்சும் குழாயும் இல்லாமல், குறிப்பாகக் குழந்தைகள் புழங்கும் அறையில், இந்த வேலையைச் செய்யக் கூடாது.

ஒட்டிய பிறகு விரல் நுழையாத இடங்களை, ஒட்டும் முன்பே உப்புத்தாளால் தேய்த்து வண்ணமோ மெருகோ பூசி முடித்துவிடுங்கள்; ஒட்டும் பரப்பில் மட்டும் மெருகு படாதவாறு டேப்பால் மறைக்க வேண்டும். தேக்கின் எண்ணெய்ப் பசை ஒட்டைத் தடுப்பதால், அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்த உடனேயே பசை பூச வேண்டும். விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி மெல்லிதாகப் பூசினால், செதுக்கிய குழிகளுக்குள் பசை வழியாது. கீழிருந்து ஒவ்வோர் அடுக்காக ஏற்றி, சீரான அழுத்தத்தில் 24 மணி நேரம் இறுக்கி வையுங்கள். பக்கவாட்டில் தெரியும் ஒட்டுக்கோடுகளைக் கை உளியால் பிடரி மயிரின் வரிகளாக இழுத்துவிட்டால் அவை கண்ணில் படாது. சுவரில் மாட்டும்போது பின்புறத் துளைகளில் ஒன்றை ரேகைக்குக் குறுக்காக நீள்துளையாக அமைத்து, மரம் பருவத்துக்கேற்ப விரியவும் சுருங்கவும் இடம் விடுங்கள்.