கூட வேலை செய்கிறவளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொப்பி

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்துக் கங்காணி; கொழுந்து பறிப்பதை மேற்பார்ப்பது என் வேலை. என்னோடு 21 பெண்கள். ‘ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று காலையில் வேலை பிரிக்கும் பிரட்டில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அப்புறம் அவரவர் தேயிலை நிரைக்குப் போய்விடுவார்கள். நல்ல மனசை மட்டும் நம்பினால், இரண்டு மூன்று பேர் தலையிலேதான் எல்லாம் விழும்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. எங்கள் மலையில் ஒரு அக்கா, யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சித் தூக்கோடு போய் நிற்பார். ஒருநாள் குளவி கொட்டி, கண் திறக்க முடியாமல் ஐந்து நாள் லயத்தில், அதுதான் எங்கள் வரிசை வீட்டில், கிடந்தார். யாரும் போகவில்லை, நானும்தான். ஆறாம் நாள் பிரட்டில், “இப்ப எப்படிக்கா?” என்றேன். வேலைக்குக் கட்டும் படங்குத் துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டே, “இப்பதான் கேக்கத் தோணுச்சா?” என்றார்.

அன்று சாயங்காலமே ஒரு கொப்பி வாங்கினேன். என்னையும் சேர்த்து 22 பேர், 11 சோடி. ஒருத்தி வேலைக்கு வராவிட்டால், மற்றவள் அன்றைக்கே லயத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை சோடியை மாற்றுங்கள். சொந்தக்காரிகளைச் சேர்த்துப் போடாதீர்கள், அவர்கள் எப்படியும் போவார்கள்.

கைப்பிள்ளைக்காரிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், 9 மணி நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்கப் போகச் சட்டத்தில் இடமுண்டு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா இருந்தால் தடவைக்கு அரை மணியாவது கொடுக்க வேண்டும். நேரம் கிடைக்கும், கிலோ கிடைக்காதே! கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். அதனால் பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்டவுள்ள நிரையை அவளுக்குக் கொடுங்கள். நிறுக்கப் போகுமுன் ஆளுக்கு இரண்டு பிடி கொழுந்து அவள் கூடையில் போட்டால், கிட்டத்தட்ட இரண்டு கிலோ தேறும். கணக்கப்பிள்ளைக்குத் தெரியவே போடுங்கள். அதற்காக அந்த அரை மணியில் குறையும் கிலோக் கணக்கைத் தோட்ட ஒபீசில் கேட்காமல் விடவேண்டாம், அது அவர்கள் தீர்க்கவேண்டியது.

சிலர் உதவியை வாங்க மாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள். “உங்க முறை வரும்போது நீங்க போடுங்க” என்றால் பெரும்பாலும் கூடையை நீட்டிவிடுவார்கள்.

கொப்பியில் யார் யாரைப் போய்ப் பார்த்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். ஏன் வரவில்லை என்று எழுதாதீர்கள். நான் ஒருதடவை ‘வீட்டுக்காரர் குடி’ என்று எழுதிவைத்து, அது லயம் முழுக்கப் பரவி, அந்தப் பெண் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது காரணத்துக்கு நேராக ஒரு கோடு இழுப்பதோடு சரி.