அரை ஏக்கர் சோளத்தட்டு: இலை உதிராமல் காய வைப்பது எப்படி

சோளத்தட்டில் மாடு ஆசையாகத் தின்பது இலையை. காய வைக்கும்போது நாம் முதலில் இழப்பதும் அந்த இலையைத்தான். அறுத்த தட்டைப் பத்து நாள் காட்டிலேயே கிடக்க விட்டு, வெளுத்துப் போன பிறகு கட்டி வருபவர்களை எங்கள் ஏற்காட்டு அடிவாரத்தில் இன்னும் பார்க்கிறேன், கடைசியில் வீட்டுக்கு வருவது வெறும் தண்டு. அரிவாளும் கவைக்கோலும் ஒரு தார்ப்பாயும் இருந்தாலே இதைவிட நன்றாகச் செய்யலாம்.

முதலில் கணக்கு போடுங்கள். ஒரு மாட்டுக்கு நாளுக்கு 6 கிலோ என்றால் இரண்டு மாட்டுக்குக் கோடையில் 100 நாளைக்கு 1200 கிலோ காய்ந்த தட்டு வேண்டும். பச்சைத் தட்டில் நூற்றுக்கு 75 பங்கு தண்ணீர், அதை 15 பங்குக்கு இறக்கினால் ஒரு டன் பச்சை 290 கிலோ சொச்சம்தான் நிற்கும். அப்படியானால் 4 டன்னுக்கு மேல் அறுக்க வேண்டும்.

விதைப்பை நெருக்கமாகப் போடுங்கள், ஏக்கருக்கு 15 கிலோ குறையாமல். தண்டு பென்சில் கனத்துக்கு வந்தால் சீக்கிரம் காயும், கட்டைவிரல் கனத்துக்குப் போனால் இலை சருகாகி உதிர்ந்த பிறகும் தண்டில் சாறு நிற்கும். கிணற்றில் தண்ணீர் இருந்தால் கார்த்திகைக் கடைசியில் விதையுங்கள், மாசியில் பூக்கும், அப்போது வானம் தெளிவாக இருக்கும். இரண்டு நாள் வெயில் அடித்ததை நம்பி ஒரு வருஷம் புரட்டாசியில் அறுத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி பிடித்த மழை விடவே இல்லை, அத்தனையும் கறுத்துப் பூசணம் பிடித்துக் குப்பைக்குழிக்குத்தான் போனது, இன்றைக்கும் அது மனசை அறுக்கிறது.

பயிரில் பாதி பூத்ததும் அறுங்கள். இளம்பயிரில் சயனைடு நச்சு உண்டு, பூக்காத சோளத்தை, அதிலும் தண்ணீர் இல்லாமல் வாடி நிற்பதை, பச்சையாக மாட்டுக்குப் போடவே கூடாது. ரொம்பத் தள்ளிப்போட்டால் தண்டு கட்டையாகிவிடும்.

காலையில் பனி உலர்ந்ததும் அறுத்து மெல்லிசாகப் பரப்புங்கள், அன்று மாலைக்குள் ஒரு தடவை புரட்டிவிட்டால் போதும். மறுநாள் புரட்டுவதை மட்டும் காலை எட்டரை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். ராத்திரி ஈரத்தில் இலை துவண்டிருக்கும், உடையாது, உச்சிவெயிலில் கவைக்கோலை வைத்தால் நொறுங்கி மண்ணோடு போகும். அன்று மாலையே கைக்கு அடங்கும் கத்தைகளாகக் கட்டி, நாலைந்து கத்தையைத் தலையோடு தலை சாய்த்துக் கூம்பு மாதிரி நிறுத்துங்கள். வெளியே இருப்பது மட்டும் வெளுக்கும், உள்ளே காற்று ஓடி இலை பச்சை குறையாமல் காயும். இப்படி நாலைந்து நாள் நிற்கட்டும், மேகம் கூடினால் கூம்பின் மேல் தார்ப்பாயைப் போட்டுக்கொள்ளலாம்.

சாஃப் கட்டர் (தட்டு நறுக்கும் மெஷின்) வைத்திருப்பவர்கள் ஒரு நாள் வாடிய தட்டை இரண்டு அங்குலத் துண்டாக வெட்டிக் களத்தில் பரப்பலாம், வேகமாகக் காயும், ஆனால் அடிக்கடி கிளறணும். சேலத்து ஜவ்வரிசி ஆலைக் களத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காய்ந்ததா என்று இலையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கடைசியில் காய்வது கணு. கணுவில் நகத்தால் கீறினால் ஈரம் கசியக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் பொடியாக நறுக்கிய தட்டு ஒரு கைப்பிடி, அதோடு ஒரு ஸ்பூன் தூள் உப்பு போட்டு இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். உப்பு கட்டி கட்டியாக ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது, உதிரியாகவே கிடந்தால் வைக்கோல் போர் மாதிரி அடுக்கிப் போர் போடலாம்.

போருக்கு அடியில் கல் அடுக்கி அதன்மேல் கட்டை பரப்புங்கள், இல்லாவிட்டால் கரையான் அடியிலிருந்து ஏறும். வீட்டையும் கொட்டகையையும் விட்டுத் தள்ளியே போடுங்கள். ஈரத்தட்டை அடுக்கினால் உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். முதல் மூன்று வாரம் ஒரு கடப்பாரையை நடுவில் செருகி வைத்து, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை உருவி, உள்ளே இருந்த முனையைப் பிடித்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் ஆள் துணையோடு, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, உடனே பிரித்துவிடுங்கள்.

அப்புறம், மலைக்கு மேலே இருப்பவர்களுக்கு. 1500 மீட்டர் உயரத்தில் மூட்டம் இறங்கும் நாட்களில் தரையில் காய வைப்பது சரிப்படாது. புல்லை ஒரு நாள் வாட்டி, கூரைக்கு அடியில் பரண் கட்டி மெல்லிசாகப் பரப்புங்கள், நாள் கூடுதலாகும், இலை மிஞ்சும்.