சின்ன செங்கல் கணப்புக்கு விறகு ஸ்டவ் வாங்கப் போகிறீர்களா?

இங்கிலாந்தில் நூறு வருடத்துக்கு முந்தைய வரிசை வீடு ஒன்றை வாங்கினால் முன்னறையில் பெரும்பாலும் குளிர்காய விறகு எரிக்கும் ஒரு செங்கல் கணப்பும் இருக்கும். பலகை அடித்து மூடியிருப்பார்கள், இல்லாவிட்டால் உள்ளே பூச்சாடி நிற்கும். கிழக்கு லண்டனில் எங்கள் வீட்டுக் கணப்பில் இருந்தது பழைய செருப்புகள். திறந்த கணப்பில் விறகு எரித்தால் சூட்டில் முக்கால் பங்கு புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். கணப்புக்குள் வைக்கும், கதவு உள்ள நல்ல இரும்பு ஸ்டவ் என்றால் அதே முக்கால் பங்கு அறைக்குள் நிற்கும். அதனால்தான் ஸ்டவ் வாங்க முடிவு செய்தோம். வாங்கி முடிப்பதற்குள் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் மட்டும் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். எவ்வளவு நல்ல ஸ்டவ்வாக இருந்தாலும் விறகுப் புகை விறகுப் புகைதான்.

1. கணப்பை விடுங்கள், முதலில் அறையை அளங்கள்

எல்லாரும் டேப்பை எடுத்துக்கொண்டு நேரே கணப்பு வாயைத்தான் அளக்கப் போவார்கள். நானும் அப்படித்தான். ஆனால் எவ்வளவு சூடு வேண்டும் என்பதை முடிவு செய்வது அறைதான்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். எங்கள் அறை 4 × 3.6 × 2.6, அதாவது 37 கன மீட்டர் சொச்சம். ஓரளவு குளிர் தாங்கும் வீடு என்றால் இதை 14 ஆல் வகுக்க வேண்டும். ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடிக்கும் பழைய வீடு என்றால் 10 ஆல் வகுக்கலாம். எங்களுக்கு வந்தது 2.7 முதல் 3.7 கிலோவாட். ஆக, 4 கிலோவாட் ஸ்டவ் தாராளம்.

கடையில் இதைச் சொன்னபோது விற்பனையாளர் சிரித்தார். “8 எடுத்துக்கோங்க, சூடு அதிகமா இருந்தா குறைச்சுக்கலாம்” என்றார். அந்தப் பேச்சை நம்பி வாங்கிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஜனவரி ராத்திரி அவர் வீட்டுக்குப் போனால் ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கும், மனிதர் பனியனோடு உட்கார்ந்திருப்பார். சூட்டைக் குறைக்க ஒரே வழி காற்றை அடைப்பது. காற்று இல்லாத தீ கொழுந்து விட்டு எரியாமல் கனன்று புகையும். அடுத்த நாள் காலையில் கதவுக் கண்ணாடி தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரி கறுத்திருக்கும். கண்ணாடியையாவது துடைத்துவிடலாம். அதே பிசின் புகைபோக்கிக் குழாய்க்குள்ளும் படிகிறது. ஒரு நாள் அது பற்றிக்கொண்டால் தீயணைப்பு வண்டிதான் வர வேண்டும். சின்ன ஸ்டவ்வை முழு வேகத்தில் எரிப்பதுதான் சுத்தம், சிக்கனமும் அதுவே.

இன்னொரு லாபமும் உண்டு. பழைய வீடுகளில் 5 கிலோவாட்டைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் வீதம் சுவரில் நிரந்தரக் காற்றுத் துளை போட வேண்டும். அந்தத் துளை வழியாகக் குளிர்காற்று வரும், அதைச் சமாளிக்க இன்னும் விறகு போட வேண்டும். காற்றுப் புகாத புது வீடுகளில் சின்ன ஸ்டவ்வுக்கே துளை தேவைப்படும்.

2. இப்போது கணப்பு வாய்

அகலத்தை முன்னாலும் பின்னாலும் அளக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே போகப்போகக் குறுகும். ஆழத்தைக் கீழேயும் மேலேயும் அளக்க வேண்டும், பின்சுவர் முன்பக்கம் சாய்ந்திருக்கும். கிடைத்த அளவுகளில் சின்னதை எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே வழக்கமான சின்னக் கணப்பு வாயின் அளவு 16 அங்குல அகலம், 22 அங்குல உயரம். சென்டிமீட்டரில் சுமார் 40, 56. இதில் தனியாக நிற்கும் ஸ்டவ்வை வைப்பது கஷ்டம். பக்கங்களிலும் பின்னாலும் 10 முதல் 15 சென்டிமீட்டர், மேலே அதைவிட அதிகமாக இடம் விட்டால்தான் ஸ்டவ்வைச் சுற்றிக் காற்று ஓடி சூடு வெளியே வரும். சரியான இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். இந்த 16 × 22 வாய்க்கென்றே செருகி வைக்கும் ஸ்டவ்கள் விற்கிறார்கள். அல்லது சுற்றியுள்ள பூச்சைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால், பழைய பெரிய வாயைப் பிற்காலத்தில் யாரோ செங்கல் வைத்துச் சுருக்கியிருக்கலாம். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. ஆனால் மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் எங்கே இருக்கிறது என்று கொத்தனார் பார்த்துச் சொல்லும் வரை ஒரு செங்கல்லைக்கூட உருவாதீர்கள்.

பிடித்த மாடலின் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டியை வெட்டி, இரண்டு நாள் கணப்புக்குள் வைத்துப் பாருங்கள். எங்கள் பெட்டி கதவைத் திறந்தால் சோபாவில் இடித்தது. படத்தில் பார்த்தபோது அது தெரியவே இல்லை.

தரைக்கல்லையும் அளங்கள். மூடிய கதவோடு எரியும் ஸ்டவ்வுக்கு முன்னால் 22.5 சென்டிமீட்டர், கதவைத் திறந்தும் எரிக்கலாம் என்றால் 30, இரு பக்கமும் 15 சென்டிமீட்டர் எரியாத தளம் வேண்டும். ஸ்டவ்வின் அடியில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்று கையேடு சொன்னால் 12 மில்லிமீட்டர் கல் பலகை போதும். தாண்டும் என்றால் 125 மில்லிமீட்டர் கனம் தேவை.

3. புகைபோக்கி

புகைபோக்கி சுத்தம் செய்பவரை அழைத்து, உள்ளே புகை விட்டு எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் புகைச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். எங்கள் புகைபோக்கியில் ஒரு சாக்கு நிறையச் சுள்ளி வந்தது. ஜாக்டா என்ற சின்னக் காக்கை இனம் பல வருடமாகக் கூடு கட்டியிருக்கிறது. பழைய செங்கல் புகைபோக்கிக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்குவது நல்லது. பொதுவாக 150 மில்லிமீட்டர் விட்டம் வேண்டும். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியிலும் எரிக்க விலக்கு பெற்ற ஸ்டவ்வுக்கு (அடுத்த பகுதியில் சொல்கிறேன்), தயாரிப்பாளரும் ஒப்புக்கொண்டால், 125 போதும். குறுகலான புகைபோக்கிக்கு இந்த ஓர் அங்குலம் பெரிய உதவி.

4. சட்டம்

1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்துக்குப் பிறகு 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. லண்டனின் பெரும்பகுதி இன்றும் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே விறகு எரிக்க, சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவின் விலக்குப் பட்டியலில் உள்ள ஸ்டவ்தான் வேண்டும். 2022 ஜனவரி முதல் விற்கும் புது ஸ்டவ்கள் எக்கோடிசைன் என்ற புகை, திறன் தரத்தில் இருக்க வேண்டும் என்பது வேறு விதி. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறாதீர்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய ஸ்டவ் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அந்த விலக்குப் பட்டியலில்தான்.

பொருத்தும் வேலையை, ஸ்டவ் பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் அமைப்பில் பதிவு செய்தவரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் கவுன்சிலின் கட்டட அனுமதிக்கு அலைய வேண்டும். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் கட்டாயம். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது.

5. இனி கடைக்குப் போகலாம்

இத்தனைக்கும் பிறகு பட்டியலில் நாலைந்து மாடல்தான் மிஞ்சும். வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறி, தீ அணைந்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்டீல் சட்டென்று சூடாகி சட்டென்று ஆறும். வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் மட்டும் எரிப்பவர்களுக்கு ஸ்டீல்தான் என் ஓட்டு. டென்மார்க்கின் மோர்ஸோ, நார்வேயின் யோட்டுல் இரண்டும் பழைய வார்ப்பிரும்புப் பெயர்கள். இரண்டுமே 1853-ல் தொடங்கியவை என்பது ஒரு வேடிக்கை.

விறகின் நீளத்தைக் கேட்க மறக்காதீர்கள். இங்கே மூட்டையில் வருவது பெரும்பாலும் 25 சென்டிமீட்டர். அதைவிடச் சின்ன வயிறுள்ள ஸ்டவ் வாங்கினால் வாரம் முழுக்க ரம்பமும் கையுமாக இருக்க வேண்டியதுதான்.

ஈர விறகு என்ன செய்யும் என்று ஊரில் அடுப்பூதிய அம்மாக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மீட்டரை வெளிப்பட்டையில் குத்தாதீர்கள், கட்டையைப் பிளந்து உள்பக்கம் குத்துங்கள். ஒரு கிலோ காய்ந்த விறகு சுமார் 3 கிலோவாட் மணி சூட்டை அறைக்குத் தரும். எங்கள் ஸ்டவ்வுக்கு மணிக்கு இரண்டு சின்னக் கட்டை போதுமானதாக இருக்கிறது.

பொருத்தியதும் முதல் மூன்று நான்கு தடவை சுள்ளி மட்டும் போட்டுச் சின்னத் தீயாக எரியுங்கள், பெயின்ட் இறுக வேண்டும். அப்போது ஒரு நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நாங்கள் திறக்க மறந்தோம். மாடியில் இருந்த புகை அலாரம் அலறியதில் பக்கத்து வீட்டுக்காரரே வந்து கதவைத் தட்டிவிட்டார்.