டிராஃப்ட்ட வெச்சு ஒரு என்பிஏ டீம எப்படி கட்டுறது

அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்பிஏல வருஷா வருஷம் புதுப் பசங்கள டீம்ங்க வரிசையா ரெண்டு ரவுண்டா எடுக்கறது தான் டிராஃப்ட், அந்த வரிசைல ஒரு இடம் தான் பிக். டீம கலைச்சு திரும்ப கட்டணும்னா உடனே எல்லாரும் சொல்றது "டேங்க் பண்ணு (வேணும்னே தோத்துப் போ), கடைசில வா, நம்பர் ஒன் பிக்க தூக்கு"ன்னு தான். அத மட்டும் நம்பி இறங்கிடாதீங்க. முதல் பிக் யாருக்குன்னு முடிவு பண்ற லாட்டரி எப்படி நடக்குதுன்னு பாத்தாலே புரியும். 14 பிங்பாங் பால மெஷின்ல போட்டு நாலு எடுப்பாங்க, மொத்தம் 1001 காம்பினேஷன், அதுல 2019ல கொண்டு வந்த ரூல்படி கடைசி மூணு டீமுக்கும் ஆளுக்கு 140 தான், அதாவது 14 சதவீதம். முதல் நாலு பிக் மட்டும் குலுக்கல், மீதியெல்லாம் தோத்த கணக்குப்படி, அதனால கடைசி டீம் அஞ்சாவது வரைக்கும் இறங்கலாம். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023ல 17 மேட்ச், 2024ல 14 மேட்ச் மட்டும் ஜெயிச்சு லீக்லயே கடைசியா வந்தாங்க, ரெண்டு தடவையும் கைக்கு வந்தது அஞ்சாவது பிக். ரசிகர்களுக்கு எவ்ளோ வயித்தெரிச்சலா இருந்திருக்கும்!

அதனால அடுத்தவன் பிக்க சேருங்க, இது தான் நெஜமான வேலை. ஸ்டார் பிளேயர் மார்க்கெட்ல உச்சத்துல இருக்கும்போதே வித்துடணும். 2019ல ஸ்டார் பால் ஜார்ஜ் போறேன்னு சொன்னதும் அவரோட டீம் ஓக்லஹோமா சிட்டி தண்டர் ஜிஎம் (ஜெனரல் மேனேஜர்) சாம் பிரெஸ்டி கிளிப்பர்ஸ்கிட்ட வாங்கினத பாருங்க, அஞ்சு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக், ரெண்டு ஸ்வாப் (பிக்க மாத்திக்கற உரிமை), கூடவே ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர்னு ஒரு சின்னப் பையன். அந்தப் பையன் 2025ல எம்விபி, அதாவது அந்த சீசனோட சிறந்த பிளேயர்.

யாருகிட்ட கேக்கணும்? இப்பவே கப்பு வேணும்னு அவசரத்துல இருக்கறவங்ககிட்ட, அதுவும் தூரத்து வருஷத்து பிக்கா கேளுங்க, ஏன்னா அப்போ அவங்க ஸ்டார்ஸுக்கு வயசாகியிருக்கும். ப்ரூக்ளின் 2013ல வயசான ஸ்டார்ஸ் கார்னெட்டும் பியர்ஸும் வேணும்னு பாஸ்டனுக்கு அள்ளிக் கொடுத்தாங்க, அந்த பிக் வழியா தான் பாஸ்டனுக்கு பின்னாடி ஸ்டார் ஆன ஜேலன் பிரவுனும் டேட்டமும் வந்தாங்க. புரொடெக்‌ஷன் (பிக் ரொம்ப மேல வந்தா கொடுத்தவங்களே வெச்சுக்கலாம்ங்கற நிபந்தனை) இல்லாம வாங்கப் பாருங்க. ஒரு டீம் அடுத்தடுத்த ரெண்டு வருஷம் ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்கே இல்லாம நிக்கிற மாதிரி டிரேட் பண்ண முடியாது, ஸ்டெபியன் ரூல்னு சொல்வாங்க, அதனால நடுவுல வர்ற வருஷத்துக்கு ஸ்வாப் கேளுங்க, ரெண்டு டீம்ல யாரோட பிக் மேல வருதோ அத நீங்க எடுத்துக்கலாம்.

ஆள எடுக்கும்போது காலேஜ் ஸ்கோர மட்டும் பாக்காதீங்க. 2022ல தண்டர் அந்த கிளிப்பர்ஸ் பிக்ல, 12ஆவதா, சான்டா கிளாரா மாதிரி பெருசா பேசப்படாத காலேஜ்ல இருந்து ஜேலன் வில்லியம்ஸ எடுத்தாங்க. நீளமான கை, பாஸ் போடத் தெரியும், டிஃபென்ஸ் பண்ணுவான். 2025 ஃபைனல்ஸ் அஞ்சாவது மேட்ச்ல 40 பாயிண்ட் அடிச்சான். செகண்ட் ரவுண்டயும் சும்மா விடாதீங்க, பின்னாடி எம்விபி ஆன யோகிச் 41ஆவது பிக், தண்டர்ல கப்பு ஜெயிச்ச ஆரன் விக்கின்ஸ் 55, லூ டார்ட்ட யாருமே டிராஃப்ட் பண்ணல.

அப்புறம் காசு. ஃபர்ஸ்ட் ரவுண்ட் ரூக்கி (புதுப் பையன்) கான்ட்ராக்ட் நாலு வருஷம், முதல் ரெண்டு கேரண்டி, அடுத்த ரெண்டு டீம் ஆப்ஷன், அதாவது வெச்சுக்கறதா வேண்டாமான்னு டீம் முடிவு பண்ணலாம். உங்க நல்ல பசங்க கம்மி சம்பளத்துல ஆடுற அந்த நாலு வருஷத்துக்குள்ள தான் வெளிய இருந்து அனுபவசாலிகள கொண்டு வரணும். தண்டர் 2021ல ஆறாவதா எடுத்த கிடியையே 2024ல கொடுத்துட்டு அனுபவசாலி கருசோவ வாங்கினாங்க, ஹார்டன்ஸ்டைன 3 வருஷம் 87 மில்லியன் டாலருக்கு எடுத்தாங்க, அடுத்த சீசன்லயே 68 வெற்றி, கப்பு. கைல ஆசையா வளத்த பையன கொடுக்க மனசு வராது தான், ஆனா ரோஸ்டர்ல (டீம் லிஸ்ட்ல) ஸ்டாண்டர்ட் கான்ட்ராக்ட்டுக்கு 15 இடம் தான் இருக்கு, எல்லாரையும் வெச்சுக்க முடியாது.