டெவ் புரோட்டியேஸ்: ஆய்வகத்தில் செய்த வைரஸ் நொதியின் வடிவையும் வேலையையும் சோதிக்கும் முறை

டொபாக்கோ எட்ச் வைரஸ் புகையிலைச் செடியைத் தாக்கும். அது தன் புரதங்கள் ஏறக்குறைய அனைத்தையும் ஒரே நீளச் சங்கிலியாகச் செய்து, பிறகு தன் சொந்த நொதிகளால் துண்டு போட்டுக்கொள்கிறது. அந்த நொதிகளில் ஒன்றின் வினை புரியும் பகுதியைத்தான் உலகெங்கும் ஆய்வகங்கள் இ.கோலை பாக்டீரியாவில் வளர்த்து, 'டெவ்' புரோட்டியேஸ் (புரதம் வெட்டும் நொதி) என்ற பெயரில் டேக் (சுத்திகரிப்புக்காகப் புரதத்தில் ஒட்டிவைக்கும் துண்டு) வெட்டப் பயன்படுத்துகின்றன. இதில் வைரஸ் எதுவும் இல்லை. தனிப் புரதம் மட்டுமே. வைரஸ் புரதங்களை ஆராயப் பழகுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான, மலிவான ஒன்று கிடைப்பது கடினம்.

இது வெட்டும் அமினோ அமிலத் தொடர்: குளுட்டமேட், அஸ்பராஜின், லூசின், டைரோசின், ஃபீனைல்அலனின், குளுட்டமின், அடுத்து கிளைசின் அல்லது செரின். வெட்டு குளுட்டமினுக்குப் பின் விழும். வினை மையத்தில் ஹிஸ்டிடின் 46, அஸ்பார்ட்டேட் 81, சிஸ்டீன் 151 ஆகிய மூன்றும் நிற்கின்றன. மடிப்பு, கைமோட்ரிப்சின் என்ற செரிமான நொதியின் வகையைச் சேர்ந்தது. அங்கே செரின் செய்யும் வேலையை இங்கே சிஸ்டீன் செய்கிறது.

எந்த வடிவத்தைச் செய்வது

இயல்பான நொதி தன்னைத்தானே 218, 219 எண்ணுள்ள அமினோ அமிலங்களுக்கு இடையே வெட்டிக்கொள்ளும். அப்படிக் குறைந்துபோன நொதி மந்தமாகவே வேலை செய்யும். 219ஆம் செரினை வேலினாக மாற்றிய எஸ்219வி வடிவில் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. அதையே எடுங்கள்.

கூடவே சிஸ்டீன் 151ஐ அலனினாக மாற்றிய சி151ஏ வடிவையும் செய்யுங்கள். அது வெட்டாது. ஒப்பீட்டுக்கான இந்தக் கட்டுப்பாடு (கன்ட்ரோல்) இல்லாமல் செய்த சோதனை எதையும் நம்பக் கூடாது என்பதே எங்கள் கருத்து. வெட்டியது உங்கள் நொதியா, இ.கோலையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வேறொரு புரோட்டியேஸா என்று சொல்லக்கூடியது அது மட்டுமே.

இங்கே பலரும் தடுக்கி விழும் பள்ளம் ஒன்று உண்டு. பரவலாகப் புழங்கும் பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) அமைப்பில் மால்டோஸ் பிணைப்புப் புரதம் முன்னால் இருக்கும், நடுவில் டெவ் தளம், அடுத்து நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் டேக்கும் நொதியும். செல்லுக்குள்ளேயே நொதி தன்னை அறுத்துக்கொண்டு 28.6 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அளவில் வெளிவரும். சி151ஏயை அதே அமைப்பில் வைத்தால் அறுக்க ஆளில்லை. 71 கிலோடால்டனிலேயே நிற்கும். அதைச் செயலுள்ள டெவ் கொண்டு வெட்டினால், கட்டுப்பாட்டுக்குள் செயலுள்ள நொதியை நீங்களே கலந்துவிடுகிறீர்கள். நடுவில் டெவ் தளத்துக்குப் பதிலாக ரைனோவைரஸ் 3சி என்ற வேறொரு நொதி வெட்டும் தளத்தை வைத்துவிடுங்கள்.

வளர்ப்பும் சுத்திகரிப்பும்

டெவ் ஜீனில் ஏஜிஏ, ஏஜிஜி என்ற ஆர்ஜினின் கோடான்கள் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துகள்) உண்டு, இ.கோலை இவற்றை அரிதாகவே பயன்படுத்தும். எனவே அவற்றைப் படித்து அமினோ அமிலம் கொண்டுவரும் டிஆர்என்ஏவைக் கூடுதலாகத் தரும் பிஎல்21 வகைச் செல் வேண்டும். 37 டிகிரியில் வளர்த்து, 600 நானோமீட்டரில் அடர்த்தி 0.5ஐத் தொட்டதும் புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியை 1 மில்லிமோலார் சேர்த்து 30 டிகிரிக்கு இறக்கி 4 மணி நேரம் விடுங்கள். வெப்பத்தைக் குறைக்க மறந்தால் பாதிப் புரதம் கரையாத கட்டியாகப் போகும்.

செல்லை உடைக்கும் பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்): 50 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பிஎச் 8.0, 200 மில்லிமோலார் உப்பு, 25 மில்லிமோலார் இமிடசோல், 10 சதவீதம் கிளிசரால். செல்லை உடைத்ததும் பாலிஎத்திலீன்இமின் 0.1 சதவீதம் வரும்படி சேர்த்து டிஎன்ஏவை வீழ்த்திச் சுழற்றிவிடுங்கள். நிக்கல் காலத்தில் (காலம் என்பது புரதங்களைப் பிரிக்கும் குழாய்) ஏற்றி, நன்கு கழுவி, 200 மில்லிமோலார் இமிடசோல் வரை ஏற்றி இறக்குங்கள். இறங்கிய திரவத்தில் உடனே ஈடிடிஏவையும் டிடிடியையும் தலா 1 மில்லிமோலார் சேருங்கள். கசியும் நிக்கலையும் ஆக்சிஜனேற்றத்தையும் இவை தடுக்கும்.

அளவு காண 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தால் போதும். மோலார் உறிஞ்சு மாறிலி 32,290. அதாவது மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கரைசல் 1.13 காட்டும், அது 35 மைக்ரோமோலார். 1 முதல் 2 மில்லிகிராமுக்கு மேல் செறிவாக்க ஆசைப்படாதீர்கள். இந்த நொதிக்குக் கரைதிறன் குறைவு; வெண்மையாகத் திரளும்.

வடிவம்

முதலில் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் 15 சதவீத எஸ்டிஎஸ் ஜெல். 28 அருகே ஒற்றைப் பட்டை வர வேண்டும். 25 அருகே இன்னொன்று தெரிந்தால் தன்வெட்டு என்று சந்தேகிக்கலாம். முழுப் புரத மாஸ் ஸ்பெக்ட்ரம் எடுத்தால் உறுதியாகும். அதே மாதிரியை டிடிடி இல்லாமலும் ஓட்டுங்கள். 57 அருகே பட்டை வந்தால் சிஸ்டீன்கள் இணைந்து இரட்டையாகியிருக்கின்றன.

அடுத்து அளவுப் பிரிப்புக் காலம். சூப்பர்டெக்ஸ் 75, 24 மில்லிலிட்டர் காலத்தில் நிமிடத்துக்கு 0.5 மில்லிலிட்டர் ஓட்டம். ஏற்றும் முன் 10 நிமிடம் அதிவேகத்தில் சுழற்றுங்கள். ஒப்பீட்டுக்கு 29 கிலோடால்டன் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் வசதியானது. சிகரம் அதன் அருகே விழ வேண்டும். 8 மில்லிலிட்டர் அருகே சிகரம் வந்தால் அது திரள். 260 நானோமீட்டர் கோடு 280ஐவிட உயர்ந்தால் டிஎன்ஏ இன்னும் போகவில்லை.

புரத மடிப்பைக் காட்டும் வட்ட இருநிற நிறமாலையில் (சிடி) பஃபர்தான் பாதி வேலை. டிடிடி, இமிடசோல், குளோரைடு மூன்றுமே 200 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விழுங்கும். 10 மில்லிமோலார் பாஸ்பேட், 50 மில்லிமோலார் சோடியம் ஃப்ளோரைடு கொண்ட பஃபருக்கு மாற்றி, மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம் கரைசலை 1 மில்லிமீட்டர் குவெட்டில் 260இலிருந்து 190 வரை அளவிடுங்கள். பீட்டா இழைகள் மிகுந்த புரதம் என்பதால் 215 முதல் 218 வரையில் ஆழமற்ற ஒரு பள்ளம் தெரியும். கோடு 200 அருகே கீழே பாய்ந்தால் மடிப்பு அவிழ்ந்திருக்கிறது. டிடெக்டர் மின்னழுத்தம் எகிறும் இடத்துக்குக் கீழே உள்ள எண்களை எறிந்துவிடுங்கள், அவை எவ்வளவு அழகாக இருந்தாலும்.

உருகு வெப்பநிலைக்கு (மடிப்பு அவிழும் வெப்பநிலை) ஒரு சாதாரண கியூபிசிஆர் இயந்திரம் போதும். 5 மைக்ரோமோலார் புரதம், 5 மடங்கு சைப்ரோ ஆரஞ்சு (அவிழ்ந்த புரதத்தில் ஒட்டி ஒளிரும் சாயம்), 25 மைக்ரோலிட்டர், நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 25 முதல் 95 வரை. தொடக்கத்திலேயே ஒளிர்வு உயர்ந்து நின்றால் புரதம் கெட்டிருக்கிறது, அல்லது டிடர்ஜெண்ட் கலந்திருக்கிறது. செயலுள்ள வடிவும் சி151ஏயும் ஓரிரு டிகிரிக்குள் உருகினால், சி151ஏ வெட்டாமல் இருப்பதற்கு மடிப்புக் குலைவு காரணமல்ல, கந்தக அணு இல்லாததே காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

அணு அளவில் பார்க்கப் புதிதாகப் படிகம் வளர்க்க வேண்டியதில்லை. 2002இல் வெளியான 1எல்விபி என்ற குறியீடுள்ள படிகக் கட்டமைப்பில் சி151ஏ தன் இலக்குப் பெப்டைடைப் பிடித்தபடி இருக்கிறது. 1எல்விஎம்மில் வெட்டி முடித்த துண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பைமால் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, 151ஆம் இடத்தையும் ஹிஸ்டிடின் 46ஐயும் ஒப்பிடுங்கள். நீங்கள் செய்யப்போகும் மாற்றம் பெப்டைடைத் தொடும் இடத்தில் இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வேலை

எளிய சோதனை: டெவ் தளம் கொண்ட இணைப்புப் புரதம் 100 பங்கு, நொதி 1 பங்கு, எடையில். 50 மில்லிமோலார் டிரிஸ் பிஎச் 8.0, 0.5 மில்லிமோலார் ஈடிடிஏ, 1 மில்லிமோலார் டிடிடி, 30 டிகிரி. 0, 15, 30, 60, 120 நிமிடங்களில் கொஞ்சம் எடுத்து ஜெல் பஃபரில் கொதிக்க வைத்து நிறுத்துங்கள். இலக்காகப் பச்சை ஒளிர் புரதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதன் 27 கிலோடால்டன் துண்டு நொதியின் பட்டைமேலேயே விழும்.

எண்ணாக வேண்டுமென்றால், வெட்டுப்பட்டதும் ஒளிரும் எடான்ஸ்–டேப்சில் பெப்டைடு. நொதி 0.1 மைக்ரோமோலார், பெப்டைடு 5 முதல் 100 மைக்ரோமோலார் வரை. பெப்டைடில் 10 சதவீதம் வெட்டுப்படுவதற்குள் உள்ள சாய்வை மட்டும் எடுங்கள். சில நிமிடங்களே கிடைக்கும். செறிவு ஏறும்போது பெப்டைடே ஒளியை விழுங்கி வேகம் குறைந்ததுபோல் காட்டும். ஒவ்வொரு செறிவிலும் தனி எடான்ஸை ஒரே அளவு சேர்த்து அளந்து திருத்தாவிட்டால் கேஎம் (வேகம் உச்சத்தில் பாதியாகும் பெப்டைடு செறிவு) எண் பொய்யாகும். எஸ்219விக்கு வெளியான மதிப்புகள் கேஎம் சுமார் 0.04 மில்லிமோலார், கேகேட் (ஒரு நொதி மூலக்கூறு போடக்கூடிய வெட்டுகள்) நொடிக்கு சுமார் 0.2. இது மெதுவான நொதிதான். கேஎம் பொருந்தி கேகேட் மட்டும் பாதியாக வந்தால், புரதத்தில் பாதி செத்திருக்கிறது என்றே முதலில் எண்ணுங்கள்; 280 நானோமீட்டர் அளவீடு உயிருள்ளதையும் செத்ததையும் பிரித்தறியாது.

கடைசியாகத் தடுப்பான்கள். செரின் நொதிகளை நிறுத்தும் பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலாரில் இதைத் தொடாது. சிஸ்டீன் நொதிகளுக்கான இ-64கூடத் தொடாது. அதைக் கண்டு திகைக்க வேண்டாம். என்-எத்தில்மலையிமைடும் 5 மில்லிமோலார் துத்தநாகமும் நிறுத்தும். ஆனால் டிடிடி இருந்தால் மலையிமைடை அதுவே தின்றுவிடும், ஈடிடிஏ துத்தநாகத்தைக் கட்டிப்போடும். இரண்டையும் டீசால்டிங் காலத்தில் நீக்கிவிட்டு, அன்றைக்கே சோதனையை முடியுங்கள்.